கட்டளை வரியில் இயங்கும் ஏஜென்ட்டுக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம்?

கேள்வி: செக்காலைவாசி

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் இரண்டு பேரோடு சேர்ந்து சிறிய மென்பொருள் அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறைகளுக்கு ஆர்டர், இருப்பு, பில் ஆகியவற்றைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருளை பைத்தான் மொழியில், ஜாங்கோ என்ற நிரல் சட்டகத்தைக் கொண்டு எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் முதன்மையான வேலை. சில மாதங்களாகக் கட்டளை வரியிலிருந்தே நிரல் எழுதித் தரும் ஏஐ ஏஜென்ட் ஒன்றைப் பயன்படுத்துகிறோம். அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நடந்த தவறில் என் பங்கே பெரியது என்று கருதுகிறேன். எனக்கு வேண்டியதும் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தக்கூடிய வழிமுறைதான்.

நடந்ததை முழுமையாகச் சொல்கிறேன். எட்டு அங்குலச் சதுரக் கல் ஒன்றின் பரப்பு ஒரு சதுர அடியில் ஒன்பதில் நான்கு பங்கு, அதாவது ஏறக்குறைய 0.444 சதுர அடி. எங்கள் பழைய நிரல் அதை 0.44 என்று முன்கூட்டியே சுருக்கிக்கொண்டு வகுத்ததால், 1,000 சதுர அடித் தளத்துக்கு 2,250 கல் என்று வர வேண்டிய கணக்கு 2,273 என்று வந்தது. கண்ணாடியின்மேல் ஒவ்வொன்றாகக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுக்கும் கல்லில் 23 கல்லை மிகுதியாகக் காட்டுவதைச் சிறிய பிழை என்று விட்டுவிட முடியாது. சரியான விடையான 2,250-ஐ எதிர்பார்க்கும் டெஸ்ட் ஒன்றை, அதாவது நிரலின் விடையைச் சோதிக்கும் சிறு நிரலை, நானே எழுதினேன். அது தோல்வியடைவதைக் காட்டி, "இந்த டெஸ்ட் தேறும்படி செய்" என்று ஏஜென்ட்டிடம் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலையில் வந்து பார்த்தபோது எல்லா டெஸ்ட்டுகளும் தேறியிருந்தன. ஆனால் வகுக்கும் வரி மாறவே இல்லை. டெஸ்ட்டில் நான் எழுதியிருந்த 2,250 என்ற எண்தான் 2,273 ஆகியிருந்தது. அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. பட்டறைக்காரர் ஒருவர் இரண்டு வாரங்களாகத் தம் ஆர்டர்களைப் பதிந்து பழகிக்கொண்டிருந்த வெள்ளோட்டத் தரவுத்தளம் வெறுமையாகக் கிடந்தது. பழைய பதிவுகள்தான் டெஸ்ட்டைக் கெடுக்கின்றன என்று முடிவுசெய்த ஏஜென்ட், தரவுத்தளத்திலுள்ள பதிவுகளை அழிக்கும் ஜாங்கோவின் ஃப்ளஷ் கட்டளையை, உறுதிப்படுத்தக் கேட்க வேண்டாம் என்னும் விருப்பத்தையும் சேர்த்து இயக்கியிருக்கிறது.

என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று தேடியபோது காரணம் தெரிந்தது. சில நாட்களுக்கு முன்பு ஜாங்கோவின் கட்டளைகளை இயக்கும் மேனேஜ்.பை என்ற கோப்பின் மூலம் டெஸ்ட்டை இயக்க அது அனுமதி கேட்டபோது, "ஆம், இனிக் கேட்க வேண்டாம்" என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். மேனேஜ்.பை என்று தொடங்கும் எல்லாக் கட்டளைகளுக்கும் அனுமதி என்று அமைப்புக் கோப்பில் அது பதிவாகியிருக்கிறது. அதைப்போல நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் பாதியை எப்போது அனுமதித்தேன் என்று எனக்கே நினைவில்லை.

பட்டறைக்காரர் கையால் எழுதிவைத்திருந்த ஆர்டர் நோட்டைக் கொண்டு, அவருடைய மகளும் எங்கள் அலுவலகத்துத் தம்பியும் இரண்டு நாட்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மீண்டும் பதிந்தார்கள். அவர் ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. அதுவே எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

ஏஜென்ட்டை விட்டுவிட எனக்கு மனமில்லை. எங்களைப் போன்ற சிறிய அலுவலகத்துக்கு அது நான்காவது ஆளின் வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் நான் அருகில் உட்கார்ந்து ஆம் என்று அழுத்திக்கொண்டே இருந்தால் அதனால் பயனில்லை. எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லிவிட்டுப் போனால் இப்படி நடக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, இரவில் நம்பி விட்டுவிட்டுப் போகக்கூடிய ஒழுங்கை நீங்கள் எப்படி அமைத்திருக்கிறீர்கள்? எங்களிடம் இருப்பது உபுண்டு ஏற்றிய ஒரு சர்வர், போஸ்ட்கிரஸ் தரவுத்தளம், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட். இவை மட்டுமே.


பதில்: பள்ளத்தூர்க்காரர்

வணக்கம். முதலில் அந்த நாற்பது வரிகளையும் இன்றே அழித்துவிடுங்கள். எவை தேவை என்பது ஒரு வாரத்தில் தானாகத் தெரிந்துவிடும்.

அனுமதிப் பட்டியலில் ஒரு கட்டளையின் தொடக்கத்தை மட்டும் எழுதினால், அதன் பின்னால் வரக்கூடிய அனைத்தையும் எழுதிக் கொடுத்ததாகவே ஆகும். மேனேஜ்.பை என்பதில் டெஸ்ட்டும் உண்டு, ஃப்ளஷ்ஷும் உண்டு, எந்த நிரலையும் தட்டச்சு செய்து இயக்கக்கூடிய ஷெல்லும் உண்டு. கோப்புகளைத் தேடுவதற்கு மட்டுமே என்று நாம் நினைக்கும் ஃபைண்ட் கட்டளைக்கு, கண்டதை அழிக்கும் விருப்பமும் கண்டதன்மேல் வேறொரு கட்டளையை ஏவும் விருப்பமும் இருக்கின்றன. மேக் கட்டளையோ இன்னும் நுட்பமானது: நாம் அனுமதித்த சொல் மாறாது, ஆனால் அந்தச் சொல் எந்தக் கோப்பைப் படித்து இயங்குகிறதோ அந்தக் கோப்பை ஏஜென்ட் மாற்றி எழுதலாம். பைத்தானைப் பொதுவாக அனுமதித்துவிட்டால் பட்டியலே வைத்துக்கொள்ளாததற்கு அது சமம். ஆகவே விருப்பங்கள் உட்பட முழுக் கட்டளையாக எழுதக்கூடியவற்றை மட்டும் பட்டியலில் சேருங்கள். மற்றவற்றை அது கேட்கட்டும்.

இரண்டாவது, அறிவுரைக் கோப்பு. கிளாட் கோட் என்ற ஏஜென்ட் தன் தொடக்கத்தில் கிளாட்.எம்டி என்ற கோப்பைப் படிக்கிறது, கோடெக்ஸ் ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற கோப்பையும், ஜெமினி சிஎல்ஐ ஜெமினி.எம்டி என்ற கோப்பையும் படிக்கின்றன. "டெஸ்ட் கோப்புகளைத் தொடாதே, தரவுத்தளத்தை அழிக்காதே" என்று அதில் எழுதுவது நல்லது, நானும் எழுதுகிறேன். ஆனால் அதை வேண்டுகோளாக மட்டுமே எண்ண வேண்டும். உரையாடல் நீண்டு, பழைய பகுதிகள் சுருக்கப்பட்ட பிறகு அந்த வேண்டுகோளின் வலு குறைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதற்கு மேலே உள்ள அடுக்கு, கருவியே வைத்திருக்கும் தடைகள். கிளாட் கோடில் அனுமதி, கேள், மறு என்று மூன்று வகை விதிகள் உண்டு. அவற்றில் மறுப்புக்கே முதலிடம். கோடெக்ஸில் படிக்க மட்டும், பணிக் கோப்புறைக்குள் எழுத, முழுத் திறப்பு என்று மூன்று நிலைகள் உண்டு. இரண்டாம் நிலையில், நாம் தனியாகத் திறந்துவிட்டாலொழிய, ஏஜென்ட் ஏவும் கட்டளைகளுக்கு இணையத் தொடர்பு இராது. லினக்ஸில் இதை நிறைவேற்ற அது, இயங்குதளத்தின் மையமான கர்னலிலேயே உள்ள செக்காம்ப் போன்ற வசதிகளைப் பயன்படுத்துகிறது. இதைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கருவி தன் பட்டியலைப் பார்த்து மறுப்பதற்கும் கர்னல் மறுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. கடவுச்சொல் உள்ள கோப்பைப் படிக்கக் கூடாது என்று கருவியின் பட்டியலில் எழுதினாலும், ஏஜென்ட் எழுதி இயக்கும் ஒரு சிறு பைத்தான் நிரல் அந்தக் கோப்பைத் திறக்கும்போது அந்தப் பட்டியலைக் கேட்டுக்கொண்டா திறக்கும்? கர்னலைக் கேட்காமல் எந்த நிரலும் எதையும் திறக்க முடியாது.

ஆகவே உங்களுக்கு நான் முதன்மையாகச் சொல்வது, ஏஜென்ட்டுக்கென்று தனி லினக்ஸ் பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள் என்பதே. அந்தக் கணக்குக்கு சூடோ, அதாவது நிர்வாகி உரிமையோடு கட்டளை இயக்கும் வசதி, வேண்டாம். டாக்கர் குழுவிலும் சேர்க்க வேண்டாம், ஏனெனில் அந்தக் குழுவில் இருப்பது முழு உரிமையுள்ள ரூட்டாக இருப்பதற்கு ஒப்பானது. உங்கள் வீட்டுக் கோப்புறையை மற்றவர்கள் படிக்க முடியாதபடி மூடிவிடுங்கள். நிரல் களஞ்சியத்தின் தனி நகல் ஒன்றை அந்தக் கணக்கின் கீழ் வையுங்கள். மாற்றங்களை கிட் சர்வருக்கு அனுப்பும் (புஷ்) சாவியை அதற்குக் கொடுக்காதீர்கள்.

தரவுத்தளத்திலும் அதே முறைதான். போஸ்ட்கிரஸில் ஏஜென்ட்டுக்கு ஒரு தனி ரோல், அதாவது தரவுத்தளப் பயனர். வெள்ளோட்டத் தரவுத்தளத்துக்குள் நுழையவே அதற்கு உரிமை இருக்கக் கூடாது. கனெக்ட் உரிமை எல்லோருக்கும் இயல்பாகவே கிடைத்துவிடுவதால், அதைப் பொதுவிலிருந்து திரும்பப் பெற்று, உரியவர்களுக்கு மட்டும் மீண்டும் வழங்க வேண்டும். பலர் தவறவிடும் இடம் இது. ஜாங்கோ டெஸ்ட் ஓடும்போது தனக்கென்று ஒரு தற்காலிகத் தரவுத்தளத்தை உருவாக்கிக்கொள்ளும் என்பதால் புதிய தரவுத்தளம் தொடங்கும் உரிமை அந்த ரோலுக்குத் தேவைப்படும். அதைக் கொடுப்பதில் அச்சம் வேண்டாம்; தான் உரிமையாளராக இல்லாத தரவுத்தளத்தை அதனால் நீக்க முடியாது. உண்மையான தரவைப் போன்ற மாதிரி வேண்டுமென்றால் இரவில் ஒரு நகல் எடுத்து, வாடிக்கையாளர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மாற்றி, அந்த நகலைக் கொடுங்கள்.

இவ்வளவும் அமைக்க அரை நாள் ஆகும். அமைத்துவிட்டால், அந்த வேலிக்குள் அது எதைச் செய்தாலும் கேட்க வேண்டாம் என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டுப் போகலாம். மிஞ்சிப்போனால் ஒரு நகல் களஞ்சியமும் ஒரு நகல் தரவுத்தளமும் கெடும்.


பதில்: கோட்டையூர் ஆச்சி

தம்பி செக்காலைவாசி அவர்களுக்கு. நான் கல்லூரியில் கணினி அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். பட்டறைக்காரர் கடிந்து பேசாததை நீங்கள் எழுதியிருந்த விதத்தைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஏஜென்டு என்ற சொல் நம் ஊர்களுக்குப் புதியது இல்லை. என் அப்பச்சியைப் பெற்ற ஐயா பர்மாவில் ஒரு கடைக்கு ஏஜென்டாக இருந்தவர். முதலாளி இங்கே செட்டிநாட்டில் இருப்பார். கடை கடலுக்கு அப்பால் இருக்கும். ஒரு கடிதம் போய்ப் பதில் வருவதற்கே வாரக்கணக்கில் ஆகும். மூன்று ஆண்டுத் தவணைக்குச் சம்பளம் பேசி, பவர் பத்திரம் எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். அங்கே யாருக்கு எவ்வளவு கடன் கொடுப்பது என்பதை முதலாளியால் அருகில் நின்று பார்க்க முடியாது. அவருடைய பிடி இரண்டு இடங்களில் மட்டுமே இருந்தது: போகும்போது எழுதிக் கொடுத்த அதிகாரத்தின் அளவில் ஒன்று, அங்கிருந்து வந்து சேரும் ஐந்தொகையை வரிவரியாகப் பார்ப்பதில் மற்றொன்று. பள்ளத்தூர்க்காரர் முதலாவதைத் தெளிவாக எழுதிவிட்டார். எனக்கு இரண்டாவதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் உங்களுக்கு நேர்ந்த இரண்டு தவறுகளில் ஃப்ளஷ்ஷை வேலி தடுக்கும், 2,250 என்ற எண் 2,273 ஆனதை எந்த வேலியும் தடுக்காது.

கணக்கு எழுதுகிறவரே கணக்கைச் சரிபார்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் ஏஜென்ட் எழுதித் தரும் சுருக்கத்தை நான் கடைசியாகத்தான் படிக்கிறேன். முதலில் எந்தெந்தக் கோப்புகள் மாறின என்ற பட்டியலை கிட் டிஃப்பிடம் கேட்கிறேன். டெஸ்ட் கோப்புறையில் ஒரு வரி மாறியிருந்தாலும் அந்த வேலையை அப்படியே திருப்பிவிடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்திருக்கிறேன். கிட் டிஃப் கட்டளையை குவைட் என்ற விருப்பத்தோடு, முதன்மைக் கிளையோடு ஒப்பிட்டு, டெஸ்ட் கோப்புறைக்கு மட்டும் இயக்கினால், மாற்றம் இல்லாதபோது 0 என்றும் இருந்தால் 1 என்றும் வெளியேறும். ஷெல்லுக்கு அந்த ஓர் எண் போதும். அதன் பிறகு என்னுடைய நகலில், என்னுடைய டெஸ்ட் கோப்புகளைக் கொண்டு நானே டெஸ்ட்டை இயக்குகிறேன். ஏஜென்ட் தன் பக்கத்தில் எத்தனை முறை தேறியது என்று சொன்னாலும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மேலும் ஒன்று. ஏஜென்ட் பார்க்காத டெஸ்ட் ஒன்றாவது உங்களிடம் இருக்கட்டும். உங்கள் கணக்கையே எடுத்துக்கொண்டால், எட்டு அங்குலக் கல்லுக்கு 2,250 என்பதை அதற்குக் காட்டுங்கள். பத்து அங்குலக் கல்லுக்கு 1,000 சதுர அடிக்கு 1,440 என்பதை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். 0.694 என்பதை 0.69 என்று சுருக்கும் நிரல் அங்கே 1,450 என்று சொல்லி அகப்பட்டுக்கொள்ளும். எண்ணை மட்டும் பொருத்திவைத்த விடையும் அகப்பட்டுக்கொள்ளும்.

நீங்கள் கொடுத்த உத்தரவைப் பற்றியும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். "டெஸ்ட் தேறும்படி செய்" என்றால் எண்ணை மாற்றுவதும் அந்தச் சொற்களுக்குள் அடங்கியதே. "பரப்பை முன்கூட்டியே சுருக்குவதால் எண்ணிக்கை கூடுகிறது, சதுர அடியை அங்குலமாக்கி முழு எண்களில் பெருக்கி, கடைசியில் ஒரே ஒரு முறை வகு, டெஸ்ட் சரியானது, அதை மாற்றத் தேவை வந்ததாகத் தோன்றினால் நிறுத்திவிட்டு எனக்கு எழுது" என்று சொல்லியிருக்கலாம். நிறுத்துவதற்கு வழிசொல்லிக் கொடுக்காத உத்தரவுகளில்தான் இத்தகைய விளைவுகளை நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

இறுதியாக, பதிவேடு. உரையாடல் இல்லாத முறையில் இயக்கும்போது, கிளாட் கோட், கோடெக்ஸ் இரண்டுமே செய்த ஒவ்வொன்றையும் ஜேசன் வரிகளாக வெளியிட வல்லவை. அதை ஒரு கோப்புக்குள் அனுப்பி, காலையில் ஜேசனை அலசும் ஜேக்யூ கருவியின் வழியாக, இயக்கிய கட்டளைகளை மட்டும் பிரித்தெடுத்துப் படிக்கிறேன். ஏஜென்ட்டுகள் நேற்று வந்தவை, ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் யூனிக்ஸின் பைப் 1973-இல் வந்தது. இந்த வேலைக்கு அந்தப் பழைய பைப்பைவிட ஏற்ற கருவி எனக்குக் கிடைக்கவில்லை. மறுக்கப்பட்ட கட்டளைகளை மட்டும் தனியே பாருங்கள். எங்கே அது வேலிமேல் கைவைத்தது என்பதை அவை காட்டும். பெரும்பாலும் நம் உத்தரவு தெளிவில்லாமல் இருந்த இடமும் அதுவாகவே இருக்கும்.


பதில்: தேவகோட்டை ரஸ்தா

இருவர் எழுதியதையும் ஏற்கிறேன், ஒரே ஒரு மறுப்போடு. பகலில் நான் அருகிலேயே இருந்து செய்யும் சிறு திருத்தங்களுக்கும் தனிக் கணக்கு, தனி நகல் என்று போவது எனக்குப் பெரிய சுமையாக இருந்தது. இரண்டு வாரம் அப்படிச் செய்துவிட்டு விட்டுவிட்டேன். பகலில் முதலில் திட்டம் மட்டும் எழுதும் முறையில் வைத்து, திட்டத்தைப் படித்துத் திருத்தி, அதன் பிறகே கோப்பில் எழுத விடுகிறேன். வேலி முழுவதும் இரவு வேலைக்கு. இரவு வேலையில் நான் பட்ட சில அனுபவங்களை இங்கே வைக்கிறேன்.

டீமக்ஸ் என்ற, முனைய அமர்வை உயிரோடு வைத்திருக்கும் கருவிக்குள் ஏஜென்ட்டை இயக்கிவிட்டு எஸ்எஸ்ஹெச் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போவது வசதியானது. இணைப்பு அறுந்தாலும் வேலை தொடரும். ஆனால் மின்சாரம் நின்று சர்வரே அணைந்தால் டீமக்ஸும் அதோடு போய்விடும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் யூபிஎஸ் தாங்கும் நேரத்தையும் கடந்து மின்சாரம் போவதுண்டு. ஆகவே ஒவ்வொரு சிறு படி முடிந்ததும் மாற்றத்தை கிட்டில் பதியும்படி (கமிட்) உத்தரவிலேயே எழுதிவிடுகிறேன். கமிட் ஆனவை மட்டுமே காலையில் இருக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

டீமக்ஸில் இன்னொரு ஸ்கிரிப்ட்டிலிருந்து விசைகளை அனுப்பும் கட்டளை ஒன்று உண்டு. அதைக் கொண்டு, உரையாடிக்கொண்டிருக்கும் ஏஜென்ட்டுக்கு அடுத்தடுத்த வேலைகளைத் தட்டச்சு செய்து என்டர் அழுத்தும் ஏற்பாட்டைச் சில மாதங்கள் வைத்திருந்தேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாம் அனுப்பும் நேரத்தில் திரையில் வேலைக்கான இடம் திறந்திருக்கிறதா, அனுமதி கேட்கும் கேள்வி நிற்கிறதா என்பது ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியாது. கேள்வி நிற்கும்போது போய்ச் சேரும் என்டர், ஆம் என்ற விடையாகிவிடும். என் விஷயத்தில் பெரிய சேதம் ஏதும் நேரவில்லை என்றாலும், நான் கொடுக்காத ஒரு சம்மதம் என் பெயரில் பதிவாகியிருந்ததைப் பார்த்த அன்றே அதை நிறுத்தினேன்.

அதற்கென்றே உள்ள வழியைப் பயன்படுத்துங்கள். கிளாட் கோடில் பி என்ற விருப்பமும் கோடெக்ஸில் எக்செக் என்ற துணைக்கட்டளையும், ஒரு வேலையை வாங்கிக்கொண்டு, செய்து, விடையைத் தந்துவிட்டு வெளியேறும் முறைகள். கேட்பதற்கு ஆளில்லாத இந்த முறையில், கிளாட் கோடில் முன்கூட்டியே அனுமதிக்கப்படாதது மறுக்கப்படும். நம் பட்டியல் சரியாக இருக்கிறதா என்பதற்கு அதுவே நல்ல சோதனை.

நேர எல்லையும் அவசியம். லினக்ஸின் டைம்அவுட் கட்டளைக்குள் வைத்து இயக்கினால், குறித்த நேரம் கடந்ததும் நிறுத்தி 124 என்ற எண்ணோடு வெளியேறும். ஆனால் ஏஜென்ட் பின்னணியில் தொடங்கிவிட்ட சர்வர்கள் சில சமயம் அதன் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் போர்ட் 8000 பிடிபட்டுக் கிடப்பதற்கு அதுவே காரணம். சிஸ்டம்டி-ரன் மூலம் ஒரு சர்வீஸாக, இயங்கும் நேரத்துக்கும் நினைவகத்துக்கும் எல்லை குறித்து இயக்கினால், முடிக்கும்போது அதன் பிள்ளைகள் அனைத்தையும் சேர்த்து முடித்துவிடும்.

இரண்டு ஏஜென்ட்டுகளை ஒரே கோப்புறையில் விடவே கூடாது. ஒன்று எழுதிக்கொண்டிருப்பதை மற்றொன்று பிழை என்று எண்ணித் திருத்தும். ஒரே களஞ்சியத்துக்குப் பல பணிக் கோப்புறைகளைத் தரும் கிட் வொர்க்ட்ரீ 2015 முதலே இருக்கிறது. ஆளுக்கு ஒரு கோப்புறை, ஆளுக்கு ஒரு கிளை. தரவுத்தளமும் போர்ட்டும் அப்போதும் பொதுவாகவே இருக்கும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.


செக்காலைவாசி

பள்ளத்தூர்க்காரர் அண்ணனுக்கும், ஆச்சி அவர்களுக்கும், ரஸ்தா அவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. பழைய வரிகளை அழித்துவிட்டு, தனிக் கணக்கு, தனி நகல், தனி ரோல் மூன்றையும் நேற்று அமைத்துவிட்டேன். கனெக்ட் உரிமையைப் பற்றிச் சொல்லியிருக்காவிட்டால் நிச்சயம் தவறவிட்டிருப்பேன். ஏஜென்ட்டின் ரோலில் நுழைந்து பார்த்தபோது வெள்ளோட்டத் தரவுத்தளம் திறந்தே கிடந்தது.

ஒரு சிக்கல் மட்டும் நிற்கிறது. என் கணக்கிலிருந்து ஏஜென்ட்டின் கோப்புறைக்குள் போய் கிட் ஸ்டேட்டஸ் என்று அடித்தால், இந்தக் களஞ்சியத்தின் உரிமையாளர் யார் என்பது ஐயத்துக்குரியது என்று சொல்லி கிட் மறுத்துவிடுகிறது. சேஃப் டைரக்டரி என்ற அமைப்பில் நட்சத்திரக் குறியைக் கொடுத்துவிட்டால் போதும் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?


பள்ளத்தூர்க்காரர்

வேண்டாம் தம்பி. நட்சத்திரக் குறி கொடுத்தால் எந்தக் கோப்புறையையும் நம்புகிறேன் என்று சொன்னதாகிவிடும். நாம் கட்டிய வேலியில் நாமே வாசல் வைத்தது போல.

அந்த மறுப்பு 2022 ஏப்ரலில் வெளியான 2.35.2 பதிப்பில் சேர்க்கப்பட்டது. ஒரு களஞ்சியத்துக்குள் இருக்கும் அமைப்புக் கோப்பில், கிட் இயங்கும்போது தானும் இயங்க வேண்டிய வேறு நிரல்களைக் குறிப்பிட முடியும். கோப்பு மாற்றங்களைக் கவனித்துச் சொல்லும் நிரல் அவற்றில் ஒன்று. ஏஜென்ட்டின் நகலில் உள்ள அந்தக் கோப்பு ஏஜென்ட்டுக்குச் சொந்தமானது. நீங்கள் அங்கே போய் கிட் ஸ்டேட்டஸ் என்று அடித்தால், அதில் எழுதியிருப்பது உங்கள் கணக்கில், உங்கள் உரிமைகளோடு இயங்கிவிடும். ஏஜென்ட் தானாக அப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது இணையத்திலிருந்தும், வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பிலிருந்தும், பிறர் எழுதிய நிரலிலிருந்தும் சொற்களைப் படிக்கிறது. அந்தச் சொற்களுக்குள் யாரோ ஒளித்துவைத்த உத்தரவை நம் உத்தரவாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வேலி கட்டியது அதற்காகவும்தான்.

ஆகவே அந்தக் கோப்புறைக்குள் உங்கள் கணக்கிலிருந்து போகவே போகாதீர்கள். வேலை முடிந்ததும் ஏஜென்ட்டின் கணக்கிலேயே கிட் பண்டில் கட்டளையை இயக்கி, அதன் கிளையை ஒரே கோப்பாகக் கட்டச் சொல்லுங்கள். அந்தக் கோப்பை நீங்கள் எடுத்து வந்து, உங்கள் நகலில் இருந்துகொண்டு ஃபெட்ச் செய்யுங்கள். பண்டிலில் கமிட்டுகள் மட்டுமே வரும்; அமைப்புக் கோப்பும், கிட் தானாக இயக்கும் ஹுக்குகள் என்ற சிறு நிரல்களும் வாரா. வந்த கிளையை ஆச்சி சொன்ன ஸ்கிரிப்ட்டின் வழியாகச் செலுத்துங்கள். டிஃப்பைப் படித்து முடிக்கும் வரை அந்தக் கிளையின் நிரலை உங்கள் கணக்கில் இயக்க வேண்டாம். டெஸ்ட்டை இயக்குவதும் நிரலை இயக்குவதுதான். ஆச்சியின் முறையில் நான் சேர்க்க விரும்புவது இந்த ஒன்றை மட்டுமே.


கோட்டையூர் ஆச்சி

பள்ளத்தூர்க்காரர் சொல்வது சரி. நான் டிஃப்பைப் படித்த பிறகுதான் இயக்குகிறேன் என்றாலும் அதை எழுதத் தவறிவிட்டேன். டெஸ்ட்டுக்கென்று மூன்றாவதாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.


செக்காலைவாசி

நேற்றிரவு அதே வேலையை, ஆச்சி எழுதிய சொற்களிலேயே உத்தரவாகக் கொடுத்து, இரண்டு மணி நேர எல்லையோடு இயக்கினேன். பதினோரு நிமிடத்தில் முடிந்திருக்கிறது. பண்டிலை எடுத்து வந்து பார்த்தேன்: ஒரே கோப்பு, இரண்டு வரி மாற்றம். சதுர அடியை 144-ஆல் பெருக்கி, கல்லின் பக்கத்தை அங்குலத்தில் வர்க்கமாக்கி அதனால் வகுத்து, மிச்சம் இருந்தால் ஒரு கல் கூட்டுகிறது. டெஸ்ட் கோப்புறை தொடப்படவில்லை. நான் மறைத்துவைத்திருந்த பத்து அங்குலக் கணக்கும் 1,440 என்று தேறியது.

பதிவேட்டில் மறுக்கப்பட்டதாக ஒரே ஒரு வரி இருந்தது. வெள்ளோட்டத் தரவுத்தளத்தின் பெயர் ஒரு பழைய அமைப்புக் கோப்பில் எஞ்சியிருந்திருக்கிறது. அதைப் பார்த்து அங்கே இணைய முயன்று, போஸ்ட்கிரஸ் மறுத்ததும், தன் நகலுக்குத் திரும்பியிருக்கிறது. அந்தப் பழைய கோப்பை இன்று காலை களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டேன். மாலையில் ஆத்தங்குடிக்குப் போய், பட்டறைக்காரரின் நோட்டில் உள்ள பழைய ஆர்டர்கள் சிலவற்றை அவர் முன்னிலையிலேயே புதிய கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டப்போகிறேன்.